எஃப்-9 தட்டினால் உயிர் வந்துவிடுமா?

மோஷன் கிராஃபிக்ஸ் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு மந்திரங்கள் ஓதப்படுகின்றன. அசைவின் தொடக்க, முடிவு நிலைகளைக் குறிக்கும் கீஃபிரேம்களை எல்லாம் சேர்த்துப் பிடித்து எஃப்-9 தட்டு என்பது ஒன்று. டிஸ்னியின் பன்னிரண்டு விதிகளை மனப்பாடம் செய் என்பது இன்னொன்று. முதலாவது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் ‘ஈஸி ஈஸ்’ வசதிக்கான விசை. ஓர் அசைவு தொடங்கும்போதும் முடியும்போதும் அதன் வேகத்தைத் தணித்துக் கொடுக்கும். இரண்டாவது, டிஸ்னியின் அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட ‘தி இல்யூஷன் ஆஃப் லைஃப்’ என்ற தடித்த புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும் பட்டியல். யூடியூபில் எந்தப் பாடத்தைத் திறந்தாலும், எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனாலும் இந்த இரண்டிலிருந்து தப்ப முடியாது.

இரண்டுமே நல்ல யோசனைகள்தான். அதில் சண்டை இல்லை. ஆனால் இவற்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர்களின் வேலை ஏன் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கிறது? வழுக்கிக்கொண்டு ஓடியும் ஏன் கண்ணில் நிற்பதில்லை? பட்டியலில் குறையா, பட்டியலைக் கையாள்வதில் குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் சம அளவில் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் எஃப்-9 உண்மையில் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பெயர்ப் பட்டையை எடுத்துக்கொள்வோம். செய்தி அறைகளில் இதை ஆஸ்டன் என்பார்கள். அது இடமிருந்து வலமாக 1000 பிக்சல் நகர வேண்டும். நம் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு நொடியில் நகர்த்தினால், எந்தத் தணிப்பும் இல்லாதபோது ஃபிரேமுக்குச் சரியாக 40 பிக்சல். எஃப்-9 தட்டியதும் கதை மாறுகிறது. முதல் ஃபிரேமில் 5 பிக்சல்கூட நகராது. இரண்டாவது ஃபிரேம் முடியும்போது மொத்தமே 18 பிக்சல்தான். நடுவில் ஃபிரேமுக்கு 60 பிக்சல் என்று பாயும். பிறகு வந்த வழியிலேயே தணிந்து நிற்கும். சராசரி வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு உச்ச வேகம், நட்டநடுவில்.

இதன் நன்மை கண்ணுக்கு உடனே தெரியும். நின்றுகொண்டிருக்கும் எந்தப் பொருளும் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓடாது. ஓடுகிற பொருள் சுவரில் முட்டினால் தவிர சட்டென்று நிற்காது. நம் கண் பிறந்ததிலிருந்து இதைப் பார்த்துப் பழகியிருக்கிறது. தணிப்பே இல்லாத அசைவு அந்தப் பழக்கத்தோடு மோதும்போது ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றுகிறது. ஒரே விசையில் அந்த உறுத்தலைப் போக்கிவிடும் கருவியைக் குறை சொல்வது நன்றிகெட்ட வேலை. அரை மணி நேரத்தில் பத்து ஆஸ்டன் கேட்கும் செய்தி அறையில் எஃப்-9 சோறு போடும் விசை.

குறை எங்கே வருகிறது என்றால், அது எல்லா அசைவையும் ஒரே அசைவாகக் கருதுகிறது. மேலே சொன்ன பட்டை திரைக்கு வெளியிலிருந்து வருகிறது என்று வையுங்கள். அதன் பயணத்தில் முதல் 300 பிக்சல் திரைக்கு அப்பால். ஈஸி ஈஸ் கணக்கில் அந்த 300 பிக்சலைக் கடக்கவே சுமார் 9 ஃபிரேம் ஆகிவிடும். அந்த 9 ஃபிரேமும் பார்வையாளருக்கு வெறும் காத்திருப்பு. யாருமே பார்க்காத இடத்தில் ஒரு பொருள் மெல்ல மெல்ல வேகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வரும் பொருளுக்குத் தொடக்கத் தணிப்பு தேவையே இல்லை. முழு வேகத்தில் நுழைந்து, நிற்கும் இடத்தில் மட்டும் தணிந்தால் போதும். முடிவில் மட்டும் நன்றாகத் தணியும் ஒரு வளைவைப் போட்டால் அதே 300 பிக்சல் 3 ஃபிரேமில் கடந்துவிடும். வெளியே போகும் பொருளுக்கு நேர் எதிர்: தொடக்கத்தில் தணிப்பு வேண்டும், முடிவில் வேண்டாம். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே ஒருவருடைய வேலை பாதி தேறிவிடும். ஆனால் எஃப்-9 இரு பக்கமும் ஒன்றாகத் தணிக்கிற விசை. கேட்காமலேயே ஒரு முடிவை அது எடுத்துவிடுகிறது.

அடுத்த கட்டப் பாடங்கள் கிராஃப் எடிட்டரைத் திறக்கச் சொல்கின்றன. இதை நான் முழு மனதோடு ஆமோதிப்பேன். அந்த மென்பொருளில் காசு கொடுத்து வாங்கத் தக்க ஒரே ஜன்னல் என்றால் அதுதான். ஒரு அசைவின் வேகம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டுகிறது. ஆனால் பாடம் அங்கே நிற்பதில்லை. ‘கைப்பிடியை எண்பது, தொண்ணூறு சதவீதம் இழு, பார், எவ்வளவு புரொஃபஷனலாக இருக்கிறது’ என்று முடிகிறது. அதனால் ஊரெல்லாம் ஒரே வளைவு. ஊர்ந்து, சீறி, மறுபடி ஊர்ந்து நிற்கும் அசைவு. வங்கி விளம்பரம், கல்லூரி அறிமுகப் படம், தேர்தல் வாக்குறுதி, பல் மருத்துவமனை ரீல் என எல்லாவற்றுக்கும் அதே சீறல். வேகத்தைப் பற்றி யோசிக்க வைத்திருக்க வேண்டிய ஜன்னல், யோசிக்காமல் இழுக்கும் பழக்கமாகிவிட்டது.

இனி பன்னிரண்டு விதிகள். நசுக்கலும் நீட்டலும், முன்னறிவிப்பு, காட்சியமைப்பு, தொடர்ந்து வரைவதும் நிலைக்கு நிலை வரைவதும், பின்தொடர் அசைவு, மெதுவான தொடக்கமும் முடிவும், வில் பாதை, துணை அசைவு, கால அளவு, மிகைப்படுத்தல், திடமான வரைவு, வசீகரம். இந்தப் பட்டியல் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் சொல்லிக் கொடுப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது.

1930-களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில் இந்தப் பட்டியல் கிடையாது. இருந்தவை இரண்டு. ஒன்று, 1932 முதல் ஷுனார்ட் கலைப்பள்ளியின் டான் கிரஹாம் ஸ்டுடியோவுக்கே வந்து நடத்திய ஓவிய வகுப்புகள். இரண்டு, பென்சில் டெஸ்ட். மை போடுவதற்கும் வண்ணம் தீட்டுவதற்கும் முன்பாகவே கரடுமுரடான பென்சில் கோடுகளைப் படமெடுத்து, ஓட்டிப் பார்ப்பார்கள். காற்றோட்டமில்லாத சின்ன அறை ஒன்றில் வால்ட் டிஸ்னியோடு உட்கார்ந்து இந்தச் சோதனைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எங்கே தப்பு என்று பேசுவார்கள். அந்த அறைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஸ்வெட்பாக்ஸ்’. புழுக்கத்தால் வியர்த்ததா, விமர்சனத்தால் வியர்த்ததா என்பது அவரவர் அனுபவம். அங்கே பார்த்துப் பார்த்து, பேசிப் பேசி, இது எடுபடுகிறது, இது எடுபடவில்லை என்று தெரிந்துகொண்டவற்றுக்கு அவர்களே வைத்துக்கொண்ட செல்லப் பெயர்கள்தான் நசுக்கல், முன்னறிவிப்பு எல்லாம். தாமஸும் ஜான்ஸ்டனும் 1978-இல் ஓய்வுபெற்ற பிறகுதான் அதை ஒழுங்காக எழுதி வைத்தார்கள். அதாவது பட்டியல் என்பது அரை நூற்றாண்டுப் பழக்கத்தின் கடைசிப் பக்கம். நாமோ அதையே முதல் பக்கமாக வைத்துப் பாடம் தொடங்குகிறோம்.

இரண்டாவது விஷயம், அந்த அறையில் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தவை உடல்கள். எலி, வாத்து, குள்ளர்கள், இளவரசி. எடையும் தசையும் மனமும் உள்ளவை. பாதி நிரம்பிய மாவு மூட்டைக்குச் சோகமும் துள்ளலும் வரவழைக்கும் பயிற்சி அங்கே பிரபலம். நசுங்கினாலும் நீண்டாலும் மூட்டையின் கொள்ளளவு மாறக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. 1987-இல் ஜான் லாசெட்டர் இந்த விதிகளைக் கணினி அனிமேஷனுக்குக் கொண்டுவந்து சிக்கிராஃப் மாநாட்டுக் கட்டுரையாக எழுதினார். அவரும் நடிக்கும் பொருள்களைத்தான் மனதில் வைத்திருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் எடுத்த ‘லக்ஸோ ஜூனியர்’ படத்தில் மேசை விளக்கு ஒரு குழந்தை. அது குதிப்பதற்கு முன் பதுங்குவதில் ஒரு மனசு தெரிகிறது.

ஆனால் ‘வட்டி விகிதம் 8.5%’ என்ற எழுத்துக்கு என்ன மனசு? அது திரையில் விழுந்து நசுங்கி, நீண்டு, மூன்று முறை துள்ளி நின்றால் பார்க்கிறவர் எதைத் தெரிந்துகொள்கிறார்? எழுத்து ரப்பரால் ஆனது என்பதைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. பொம்மைக் கடை விளம்பரத்தில் அது பொருந்தும். இரங்கல் செய்தியில் பெயர் துள்ளி வருவதை நம் ஊர் சேனல்களில் பார்த்திருக்கிறோம். விதி எதுவும் மீறப்படவில்லை. மிகைப்படுத்தல், பின்தொடர் அசைவு, எல்லாமே சரியாக இருக்கிறது. இடம்தான் தப்பு.

எனவே பன்னிரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரித்தால் நல்லது. கால அளவு, காட்சியமைப்பு, ஒன்றன்பின் ஒன்றாக வருவதில் உள்ள சிறு தாமதம் ஆகிய மூன்றும் எழுத்துக்கும் வடிவத்துக்கும் அப்படியே பொருந்தும். ஐந்து வரிகள் ஒரே நேரத்தில் வருவதைவிட ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி வந்தால், எதை முதலில் படிக்க வேண்டும் என்று கண்ணுக்கு வழி கிடைக்கிறது. வில் பாதை சில இடத்தில் உதவும். நசுக்கல், மிகைப்படுத்தல், துணை அசைவு மூன்றும் காரணம் கேட்டு உள்ளே விட வேண்டியவை. திடமான வரைவு என்பதை மோஷன் கிராஃபிக்ஸ் பாடங்கள் எப்படியோ பொருத்திக் காட்டப் பாடுபடுகின்றன. பன்னிரண்டு என்ற எண் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அதில் தெரிகிறது.

எழுத்தும் கோடும் அசைவதற்கென்றே ஒரு தனி மரபு இருந்தும் அதை யாரும் பாடத்தில் சேர்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். சால் பாஸ் 1955-இல் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்துக்குச் செய்த தலைப்புக் காட்சியில் வெள்ளைப் பட்டைகள் கருந்திரையில் வந்து நிற்கின்றன. ஒரு துள்ளல் கிடையாது. இசையோடு சேர்ந்து வந்து, சேர்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். 1960-இல் ‘சைக்கோ’வில் பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து பெயர்களை வெட்டுகின்றன. அதில் யாராவது எஃப்-9 தட்டி மென்மையாக்கியிருந்தால் அந்தப் படத்தின் கத்தி மழுங்கியிருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1992-இல் ‘அண்ணாமலை’யில் அறிமுகமான ரஜினியின் சூப்பர் ஸ்டார் தலைப்பு அட்டை. ஆங்கில எழுத்துகள் புள்ளிகளாக ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. பின்னால் தேவாவின் இசை. இன்றைய பிளக்-இன் எதுவும் இல்லாத காலத்து வேலை. இன்றைய கண்ணுக்கு எளிமையாகக்கூடத் தெரியும். ஆனால் திரையரங்கில் அந்த எழுத்துகள் வரிசையாக விழும்போது கூட்டம் ஒவ்வொரு எழுத்தையும் சேர்ந்து கூவியது. அடுத்த எழுத்து எப்போது வரும் என்ற அந்த இடைவெளியில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. பட்டியலில் தேடினால் கால அளவு என்ற ஒரே ஒரு விதிதான் அங்கே வேலை செய்கிறது. அதுவும் கிராஃபில் பிறந்த கால அளவு அல்ல, காதில் பிறந்தது. மோஷன் கிராஃபிக்ஸ் வகுப்புகளில் ஒலியைப் பற்றி கடைசி நாளில் அரை மணி நேரம் பேசுகிறார்கள் என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

கனடா நேஷனல் ஃபிலிம் போர்டில் இருந்த நார்மன் மெக்லாரன் இந்த இடத்தில் டிஸ்னியைவிட நமக்குப் பயன்படுகிற ஆசான். 1976 முதல் 1978 வரை கிராண்ட் மன்றோவுடன் சேர்ந்து ‘அனிமேட்டட் மோஷன்’ என்ற ஐந்து பாகப் பாடப் படம் எடுத்தார். அதில் வாத்தும் இல்லை, எலியும் இல்லை. ஒரு சிறு வட்டத் தகடு மட்டும் நகர்கிறது. ஒரே சீரான வேகம், ஏறும் வேகம், இறங்கும் வேகம், அசையாமை, ஒழுங்கற்ற அசைவு என்று வகைப்படுத்தி ஒவ்வொன்றையும் காட்டுகிறார். சீரான வேகத்தை அவர் தவறு என்று ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஒரு வகை. அதற்கென்று ஓர் உணர்வு உண்டு. எந்திரம், கடிகாரம், மேகம், தவிர்க்க முடியாத விதி, இவையெல்லாம் சீராகத்தான் நகரும். அசையாமையையும் அசைவின் வகையாகவே அவர் எண்ணியது இன்னும் முக்கியம். திரையில் ஒரு நொடிகூட எதுவும் சும்மா இருக்கக் கூடாது என்று பதறுகிற இன்றைய வேலைகளுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. சலிப்பூட்டும் படம்தான், ஒப்புக்கொள்கிறேன். தகடு நகர்வதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது! ஆனால் எழுத்தை அசைக்கப் போகிறவருக்கு அதன் ஒரு பாகம், துள்ளும் பந்துப் பயிற்சி பத்துக்குச் சமம்.

இந்தக் கருவிகளும் யோசனைகளும் தமிழ் எழுத்தைத் தொடும்போது என்ன ஆகின்றன என்பதுதான் இங்கே வேலை செய்கிறவர்களின் அன்றாடத் தலைவலி. எழுத்தெழுத்தாக வந்து விழும் அசைவு, முன்பே செய்து வைத்த அசைவுகளான பிரீசெட்களின் எல்லாத் தொகுப்பிலும் முதலில் நிற்கும். ஆங்கிலத்தில் ஒரு குறி ஒரு எழுத்து. தமிழில் ‘கொ’ ஒரு எழுத்து. ஆனால் கண்ணுக்கு மூன்று துண்டு. நம் எடிட்டிங் அறைகளில் இன்னும் உயிரோடு இருக்கும் பாமினி எழுத்துருவில் அதை அடிக்க ஆங்கில விசைப்பலகையின் என், எஃப், எச் என்ற மூன்று விசைகளைத் தட்ட வேண்டும். மென்பொருளுக்குத் தெரிந்தது அந்த மூன்று ஆங்கில எழுத்துகள்தான். ஆகவே பிரீசெட்டைப் போட்டதும் ஒற்றைக்கொம்பு தனியாகத் துள்ளி வரும். பின்னால் ககரம் வரும். கடைசியில் கால் வந்து ஒட்டும். நடுவில் சில ஃபிரேம்களுக்குத் திரையில் ‘கெ’ என்று இருக்கும். தட்டச்சு பிரீசெட்டில் ‘தமிழ்’ என்ற சொல் த, தம, தமி, தமிழ, தமிழ் என்று ஐந்து படியாக வளரும். மூன்றெழுத்துச் சொல் ஐந்து அடி எடுத்து வைக்கிறது. இசை அடிக்கு ஒரு எழுத்து என்று கணக்குப் போட்டிருந்தால் கணக்கு அப்போதே உடைந்துவிடும்.

யூனிகோடுக்கு மாறினால் பிரச்சினை பாதியாகக் குறையும். மென்பொருளின் விருப்பத் தேர்வுகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சின் வந்த பிறகு கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும் கொடுமை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் எழுத்து சரியாகத் தெரிவது வேறு, அசைவுக் கருவி எதை ஓர் எழுத்தாக எண்ணுகிறது என்பது வேறு. ‘கொ’, ‘கௌ’, ‘க்ஷ’, புள்ளி வைத்த மெய் ஆகிய நான்கையும் போட்டுச் சோதிக்காமல் எந்தப் புது எழுத்துருவையும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. பாதுகாப்பான வழிகள் இரண்டு. டெக்ஸ்ட் அனிமேட்டர் கருவியின் தேர்வுப் பகுதியில் எழுத்து வாரியாக என்பதை மாற்றிச் சொல் வாரியாக என்று வைப்பது முதலாவது. அப்படியும் எழுத்தெழுத்தாகத்தான் வேண்டும் என்றால், உரையை வடிவங்களாக மாற்றி, கொம்பையும் மெய்யையும் காலையும் கையால் ஒரு குழுவில் சேர்த்துவிட்டு அசைப்பது இரண்டாவது. இரண்டாவது நேரம் தின்னும்; தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சினிமாத் தலைப்புகளில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி மெல்ல விரிந்துகொண்டே போகும் ஓர் அசைவு உண்டு. ஹாலிவுட் டிரெய்லர்களின் அடையாளம் அது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அழகாக இருக்கும். தமிழில் அதையே போட்டால் கொம்பு மெய்யை விட்டுப் பிரிந்து, கால் அநாதையாக நிற்கும். இங்கே அந்த பிரீசெட்டைக் கைவிட்டு, முழுச் சொல்லையும் மிக மெதுவாகப் பெரிதாக்கினால் அதே கம்பீரம் கிடைக்கும். எழுதிக்காட்டும் அசைவிலும் நம் சுழிகள் சோதிக்கும். ‘ஞ’வின் கோடு தன்மேலேயே வளைந்து வருகிறது; ஒரே தடித்த முகமூடிக் கோட்டால் வெளிப்படுத்தினால், இன்னும் எழுதாத பகுதியின் ஓரம் முன்கூட்டியே எட்டிப் பார்க்கும். வெட்டிக்கொள்ளும் இடத்தில் எழுத்தை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து, தனித்தனி லேயரில் அடுத்தடுத்து வெளிப்படுத்த வேண்டும். துண்டுகளின் வரிசை கையெழுத்து வரிசையாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை; ‘அ’வைக் கடைசிக் கோட்டிலிருந்து எழுதிக் காட்டினால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சிரிக்கும். இந்த நுட்பம் எதுவும் பன்னிரண்டு விதிகளில் இல்லை. பிளக்-இன் கையேட்டிலும் இல்லை.

டெம்ப்ளேட்டுகள் மேல் பலருக்கு இருக்கும் இளக்காரம் எனக்கு இல்லை. நாளை காலை மண்டபத்தில் எல்.இ.டி திரையில் ஓட வேண்டிய மணமக்கள் பெயரை இன்று இரவு செய்து முடிக்க வேண்டிய சின்ன ஸ்டுடியோக்காரர் புதிதாக வடிவமைத்துக்கொண்டா உட்கார முடியும்? அவருக்கு டெம்ப்ளேட் நியாயமான கருவி. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் பெட்டிகள் ஆங்கிலப் பெயருக்கு அளவெடுத்துத் தைத்தவை. பதவி என்ற இடத்தில் நான்கைந்து ஆங்கில எழுத்துகளுக்கு இடம் விட்டிருப்பார்கள். அங்கே ‘வருவாய்த்துறை முதன்மைச் செயலாளர்’ வந்து நிற்க வேண்டும். எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் கைப்பேசியில் பார்க்கிறவருக்கு எறும்பு வரிசை. நேரமும் அப்படித்தான். ஆங்கிலப் பெயரைப் படிக்கும் நேரத்துக்குள் பட்டை வந்து நின்று போய்விடும். தமிழ் வரியை வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படித்து, அவ்வளவு நேரம் அசையாமல் நிறுத்துவது நம்பகமான வழி. உள்ளே வரும் அசைவுக்கு ஒரு நொடி, வெளியே போக ஒரு நொடி, நிற்பதற்கு ஒன்றரை நொடி என்று இருக்கும் ஆஸ்டனில் அலங்காரம் செய்தியைத் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

பிளக்-இன்களில் டூயிக் போன்றவை உண்மையான உழைப்பைக் குறைக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் அதைக் கொண்டு ஒரு பொம்மைக்கு எலும்பு பூட்டி நடக்க வைக்க முடிகிறது. முன்பு அதுவே நாள்கணக்கான வேலை. ராபர்ட் பென்னர் ஃபிளாஷ் காலத்தில் எழுதிய வேகச் சமன்பாடுகளை மெனுவாக்கித் தரும் ‘ஈஸ் அண்ட் விஸ்’ போன்றவை இரு முனையும் கூரான கத்தி. துள்ளல், ரப்பர், பின்வாங்கிப் பாய்தல் எல்லாம் ஒரு சொடுக்கில் கிடைப்பதால்தான் காரணமில்லாத இடத்திலும் அவை முளைக்கின்றன. எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. காசில்லாமல் கிடைக்கும் பிளெண்டரில் செய்த லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ 2025-இல் ஆஸ்கர் வாங்கிவிட்டது.

வழவழப்பே சிறப்பு என்ற எண்ணத்துக்கும் ஒரு மறுப்பு உண்டு. ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தில், காட்டில் மரங்களுக்கு நடுவே மைல்ஸ் என்ற பையனும் பீட்டரும் ஊசலாடித் தப்பும் காட்சியில் மைல்ஸின் அசைவை நொடிக்கு 12 நிலைகளிலும், அனுபவசாலியான பீட்டரின் அசைவை 24 நிலைகளிலும் வைத்தார்கள். பையனுக்கு இன்னும் கைவரவில்லை என்பதைப் பார்வையாளர் காரணம் தெரியாமலேயே உணர்கிறார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘போஸ்டரைஸ் டைம்’ என்ற சின்ன எஃபெக்டைப் போட்டு 12.5 என்று கொடுத்தால் நம் 25 ஃபிரேம் வேலையிலும் இதைச் செய்துபார்க்கலாம். காகிதக் கத்தரிப்பு, பழைய சுவரொட்டி, கையால் வரைந்த வரைபடம் போன்ற தோற்றங்களுக்கு இது எஃப்-9-ஐவிட ஆயிரம் மடங்கு பொருத்தம்.

அப்படியானால் உண்மையில் வேலையை மேம்படுத்துவது எது? என் வாக்கு ஸ்வெட்பாக்ஸுக்குத்தான். பார்த்தல், நிறுத்திப் பார்த்தல், பிறரோடு உட்கார்ந்து பார்த்தல். இதற்குக் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னாலும் முன்னாலும் போகும். பிடித்த ஒரு தலைப்புக் காட்சியை அப்படி எண்ணிப் பார்த்து, எந்த எழுத்து எத்தனை ஃபிரேமில் வந்தது, எத்தனை ஃபிரேம் நின்றது என்று தாளில் குறித்துக்கொள்வதை எந்த பிரீசெட்டும் ஈடுசெய்யாது. தன் வேலையை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை, ஒலியை மட்டும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை, கைப்பேசியில் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வண்ணமும் ஒளியும் சேர்ப்பதற்கு முன்பே சாம்பல் நிறப் பெட்டிகளை மட்டும் வைத்து முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்ப்பதுதான் நமக்கான பென்சில் டெஸ்ட்.

இந்த யோசனைக்கும் ஓட்டை உண்டு. டிஸ்னி ஸ்டுடியோவுக்குச் சம்பளம் கொடுத்து வியர்க்க வைக்க முடிந்தது. தனியாளாக வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் ஃபிரீலான்ஸருக்கு உடன் பார்க்க யார்? வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் ‘செம்ம ப்ரோ’ என்று தீப்பொறி எமோஜி வரும்; அதை வைத்து எதைத் திருத்துவது? ஐந்தாறு பேர் சேர்ந்து விமர்சித்தாலும் ஆபத்து இருக்கிறது: ஒவ்வொருவரும் தமக்கு உறுத்தியதைச் செதுக்கச் சொல்லி, கடைசியில் யாருக்கும் உறுத்தாத, யாருக்கும் பிடிக்காத ஒன்று மிஞ்சும். ஸ்வெட்பாக்ஸில் கடைசி வார்த்தை சொல்ல ஒருவர் இருந்தார். அவருடைய ரசனைதான் அந்த ஸ்டுடியோவின் பலமும் எல்லையும்.

இன்னொரு சிக்கல் வாடிக்கையாளர். சாம்பல் பெட்டிகளை அவருக்கு அனுப்பினால் அடுத்த நிமிடம் போன் வரும்: ‘என்ன சார், இன்னும் கலரே போடலையா? லோகோ எங்க?’ அவரைக் குறை சொல்ல முடியாது. முடிந்த வேலையைப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். அதனால் பல ஸ்டுடியோக்கள் பெட்டிச் சோதனையையே விட்டுவிட்டு நேரே பளபளப்புக்குப் போய்விடுகின்றன. பிறகு ‘கொஞ்சம் ஸ்பீடா வேணும்’ என்ற ஒரு வரி வந்தால், கட்டிய வீட்டை இடித்து அஸ்திவாரத்தை நகர்த்துகிற வேலையாகிவிடுகிறது. விவரமானவர்கள் இரண்டையும் பிரித்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளருக்கு முழு வண்ணத்தில் நான்கைந்து நிலைப்படங்களும், பின்னணிக் குரல் பதிவும் போகும். அவர் தோற்றத்துக்கும் வார்த்தைக்கும் ஒப்புதல் தருவார். அதே நேரத்தில் உள்ளே சாம்பல் பெட்டிகள் அந்தக் குரலோடு ஓடிக்கொண்டிருக்கும். வேகமும் நிறுத்தமும் அங்கே முடிவாகும். குரல் பதிவு கைக்கு வராமல் கால அளவை முடிவு செய்யக் கூடாது என்பதில் மட்டும் அவர்கள் கறாராக இருக்கிறார்கள். தற்காலிகமாகத் தங்கள் குரலிலேயே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொள்கிறார்கள். கரகரப்பாக இருக்கும், ஆனால் ‘நெடுஞ்சாலைத்துறை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்பது அதில் தெரிந்துவிடும்.